ஐந்து ஐம்பதுக்குப் புறப்பட்டவன்

தாடைக்குக் கீழே வார் இறுகியிருந்தது. ஹெல்மெட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கியதும் முதல் வேலையாக அதைத்தான் கொஞ்சம் தளர்த்துவேன். இல்லாவிட்டால் கழுத்துச் சதையைக் கவ்விக்கொண்டு உயிரை வாங்கும். பொத்தானை அமுக்கினேன், வாரைத் தளர்த்தக் கையைத் தூக்கினேன். கை வரவில்லை.

கண்ணெதிரே என் பறக்கும் வண்டியின் மூக்கு இருக்க வேண்டும். அதற்கு அப்பால் புல் தரை, அதற்கும் அப்பால் விடிந்தும் விடியாமலும் போடி மலை. அதெல்லாம் எங்கே போயிற்று? ஒரு மேசை இருந்தது. மேசையில் ஒரு பிளாஸ்க், ஒரு தடித்த நோட்டு. மேசைக்குப் பின்னால் காக்கிச் சட்டையும் அதன்மேல் ஸ்வெட்டரும் போட்ட ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தூங்கி ரொம்ப நாளானவர் மாதிரி இருந்தார்.

"வணக்கம் சார். என் பேரு மங்கையர்க்கரசி. தேனி மலை மீட்பு மையத்துல விசாரணை அதிகாரி. உங்க பேரச் சொல்லுங்க."

"நவநீதன். போடில ஏலக்காய் யாவாரம். என்னங்க இது? நான் இன்னும் கிளம்பவே இல்லையே."

"கடைசியா என்ன ஞாபகம் இருக்கு?"

"ஹெல்மெட்டப் போட்டேன். பொத்தான அமுக்குனேன். அம்புட்டுத்தான். ஏம்மா, விழுந்துட்டனா? ஆஸ்பத்திரியா இது? கை காலு ஒண்ணும் தெரியலையே?"

"பயப்படாதீங்க. உங்களுக்குக் கை காலு கெடையாது. அதான் தெரியல."

கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்பதுபோல அதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அலறுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் வாய் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"லைசென்ஸ் வாங்குறப்ப ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டீங்கல்ல? ஏழாம் பக்கத்துல இருக்கு" என்றார்.

"யாரும்மா ஏழாம் பக்கம் வரைக்கும் படிக்கிறது?"

நான் இதைச் சொல்லும்போது அவருடைய உதடுகளும் லேசாக அசைந்தன. நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது அவருக்கு முன்னமே மனப்பாடம் போல. என்னடா இது என்று நினைத்தேன். ஆனால் அதைவிடப் பெரிய என்னடா இதுகள் வரிசையில் நின்றதால் அதை விட்டுவிட்டேன்.

"நீங்க பொத்தான அமுக்குன நொடியில ஹெல்மெட்டு உங்க மனச அப்படியே பதிவு எடுத்து எங்களுக்கு அனுப்பிரும். ஆளு திரும்பி வந்துட்டா பதிவ அழிச்சிருவோம். காணாமப் போனா எழுப்பி, நீ எங்கிட்டுப் போயிருப்பன்னு அதுகிட்டயே கேப்போம். உங்களப் பத்தி உங்களைய விட யாருக்குத் தெரியும்?"

"அப்ப நான்..."

"பதிவு."

"காணாமப் போனது?"

"நவநீதன் சாரு."

"நான்தானம்மா நவநீதன்!"

"நீங்க இங்க இருக்கீங்களே சார். அவருதான் மலைல இருக்காரு."

மலையில் எங்கேயோ ஒரு மரத்தில் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். இங்கே மேசைக்கு முன்னால் நான் வார் இறுகி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டில் எந்த நானுக்காகப் பயப்படுவது என்றே புரியவில்லை. கடைசியில் உடம்பு இருக்கிறவனுக்காகப் பயப்படுவது என்று முடிவு செய்தேன். வலி அவனுக்குத்தான்.

அந்த அம்மாள் நோட்டைத் திறந்தார். "ஒரே ஒரு கேள்விதான். யோசிச்சுச் சொல்லுங்க. திட்டத்துல எழுதிக் குடுத்தபடி காலைல அஞ்சம்பதுக்குக் கிளம்பி, குரங்கணி மேல போயி, டாப் ஸ்டேஷனச் சுத்திட்டுத் திரும்புறதாத்தான் இருந்தீங்களா? வேற எதாச்சும் உண்டா?"

"வேறன்னா?"

"திட்டம் நெசமா இருந்தா, எம்புட்டு மோசமான எடமா இருந்தாலும் எங்க ஆளுக எறங்கித் தேடுவாங்க. திட்டம் பொய்யின்னா ஆளுக போக மாட்டாங்க. ட்ரோன் மட்டும்தான் போகும். சட்டம் அப்படி. பெருமைக்குப் பறக்குறவக சொன்ன பொய்ய நம்பிப் போயி எங்க ஆளுக நெறையப் பேரு செத்துட்டாங்க. அதுக்கப்புறம் வந்த சட்டம்."

ஆடி மாத மூடுபனியில் ட்ரோனுக்குத் தன் இறக்கையே தெரியாது. அது என்னைத் தேடுவதும் ஒன்றுதான், தேடாமலிருப்பதும் ஒன்றுதான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம்தான். அந்த அம்மாளிடம் அப்போது சொல்லவில்லை.

என் வண்டி ஒற்றை ஆள் உட்காரும் பேட்டரி விமானம். ஊரில் தும்பி என்பார்கள். ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் காலை ஆறரைக்கு மேல் தும்பியை ஏற்ற அனுமதி கிடையாது. வெயில் ஏற ஏற மேற்குக் காற்று மலையைத் தாண்டி வந்து அறையும். அன்றைக்கென்று பார்த்து மின்சாரம் போய், பேட்டரி பாதிகூட ஏறியிருக்கவில்லை. முழுதாக ஏற எட்டரை ஆகும். ஒழுங்கான ஆளாக இருந்தால் வண்டியைக் கொட்டகையில் தள்ளிவிட்டுக் கடையைத் திறக்கப் போயிருப்பான். நான் பரஸ்தானம் வைத்தேன்.

எங்கள் வீட்டில் அந்த வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிற அன்று நல்ல நேரம் தோதாக அமையவில்லை என்றால், அமைகிற நேரத்தில் பையையோ குடையையோ கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு எமகண்டத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. என் அப்பா ஒருமுறை குடையை மூன்று நாள் முன்னாலேயே கிளப்பிவிட்டு, கடைசியில் அதை மறந்து ரயிலேறினார்.

அதேபோல் ஐந்து ஐம்பதுக்கு ஹெல்மெட்டை மாட்டிப் பொத்தானை அமுக்கிவிடுவது. பொத்தான் அமுங்கினால் ஆள் கிளம்பியதாகத்தான் மையத்தில் பதியும். கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, சார்ஜ் ஏறியதும் எட்டரைக்குப் பறப்பது. மலைக்குள் நுழைந்தபின் எந்த சிக்னல் கோபுரத்துக்கும் நம்மைத் தெரியாது. சட்டத்துக்கும் திருப்தி, பஞ்சாங்கத்துக்கும் திருப்தி. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் பதிவாகியிருக்கிறேன்.

மனைவி பூங்கோதையிடம்கூடக் கடைக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தேன். போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எப்போதும் என் கொள்கை. ஆக, நான் எட்டரைக்குக் கிளம்பியிருக்கிறேன். எட்டரைக் காற்று என்னைக் குரங்கணிப் பக்கம் விட்டிருக்கவே விட்டிருக்காது. கிழக்கே அகமலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கும். குரங்கணியில் என்னைத் தேடுவது சுத்த வீண்.

இதைச் சொன்னால் ஆட்கள் வரமாட்டார்கள். சொல்லாவிட்டால் ஆட்கள் தப்பான மலைக்குப் போவார்கள். ஆனால் போகவாவது போவார்கள். அங்கே இல்லையென்றால் சுற்று வட்டாரத்தில் தேடாமலா திரும்புவார்கள்? சொல்லாமலிருப்பதே நல்லது என்று பட்டது. நன்றாக யோசித்துத்தான் எனக்கு அப்படிப் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"திட்டத்துல எழுதுனதுதாம்மா. அஞ்சம்பதுக்குக் கிளம்பிட்டேன். குரங்கணிதான்."

"உறுதியா?"

"எங்க குலசாமி மேல சத்தியமா."

"குலசாமிய இழுக்காதீங்க சார். இன்னைக்காச்சும் இழுக்காதீங்க."

இன்றைக்காவது என்றால்? அந்த அம்மாளை நான் முன்பின் பார்த்ததில்லை. அவர் நோட்டைப் பார்த்தேன். என் பதிலை அவர் எழுதவில்லை. பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடப் போனவர், பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆடியில் எங்கள் பக்கம் சாரல்தான் அடிக்கும், அதுவும் காற்றோடு சாய்ந்து அடிக்கும். இது காற்றே இல்லாமல் நேராக விழுந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதில் தொங்க வேண்டிய தினக் காலண்டரைக் காணோம்.

"எத்தன மணிம்மா இப்ப? காணாமப் போயி எம்புட்டு நேரம் ஆச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். நோட்டையும் மூடினார். அதுவரை மனப்பாடமாகப் பேசியவர் முகம் மாறியது. அடுத்து என்ன பேசுவது என்று அவருக்கே தெரியாததுபோல இருந்தது.

"ஒரு விசயம் சொல்றேன் சார். சொல்லக் கூடாது. தேடப் போறது யாருன்னு பதிவுகிட்டச் சொல்லக் கூடாதுன்னு விதி. பதிவு கொழம்பிப் போயி எதையாச்சும் மாத்திச் சொல்லிரும்னு."

"சொல்லுங்க."

"குரங்கணிக்கு மூணு பேரு போறாங்க. முன்னால கயித்துல எறங்குறவரு பேரு தவமணி. எங்க வீட்டுக்காரரு."

அவர் மூடிய நோட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"காலைல ரெண்டாவது தோசைய விண்டப்ப போன் வந்துச்சு. வந்து சாப்புடுறேன், மூடி வைன்னு சொல்லிட்டுப் போனாரு. மூடி வச்சிருக்கேன்."

"எத வச்சு மூடியிருக்கீங்க?" என்று கேட்டேன். எதற்கு அதைக் கேட்டேன் என்று இன்றுவரை, அதாவது இந்த நிமிடம்வரை, எனக்குத் தெரியவில்லை.

"இன்னொரு தட்ட வச்சு" என்றார் அவர். "குரங்கணிக்கு மேல ஒரு பாறைச் சரிவு இருக்கு. ஆடிக் காத்துல அங்கிட்டுக் கயிறு எறக்கக் கூடாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். ஆனா ஆளு அங்கதான் கெடக்குன்னு நான் வயர்லெஸ்ல சொன்னா எறங்கிருவாரு. நான் சொன்னா நம்புவாரு. நான் எதச் சொல்லணும்? நீங்க சொல்றதத்தான சொல்லணும்?"

இத்தனை நேரம் மீட்பு என்றால் எனக்கு ஒரு சத்தம்தான். மேலே ஹெலிகாப்டர் சத்தம், ஆட்கள் என்ற ஒரு சொல். இப்போது திடீரென்று அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது, பாதி தின்ற தோசை வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் இமையும் இல்லை. அந்தத் தட்டு என் முன்னால் இருந்துகொண்டேயிருந்தது.

மலையில் கிடக்கிறவனை நினைத்தேன். அவனும் நான்தான். அவனுக்குக் குளிரும், அவன் பூங்கோதையை நினைத்துக்கொண்டிருப்பான், ஆட்கள் வருவார்கள் என்று காது கொடுத்துக்கொண்டிருப்பான். அவனைக் காட்டிக்கொடுப்பதா? ஆனால் எட்டரைக்குக் கிளம்பியவன் அவன்தானே. சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கியவன் நான்தானே. நடுவில் இந்தத் தவமணி எங்கிருந்து வந்தார்? பக்கத்து வீட்டில் குடையை வைக்கிற மாதிரி, போகாத இடத்தில் என்னை வைத்துவிட்டு, அதை எடுத்துவரப் பாறைச் சரிவில் ஒரு மனிதரை இறக்கப் பார்க்கிறேன். இதற்குப் பெயர் சாமர்த்தியமா?

"அம்மா" என்றேன். "எறங்க வேணாம்னு சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார்.

"நான் அஞ்சம்பதுக்குக் கிளம்பல. பொத்தான மட்டும் அமுக்குனேன். சார்ஜ் ஏறல. எட்டரைக்குத்தான் கிளம்புறதா இருந்தேன். எட்டரைக் காத்துக்குக் குரங்கணிப் பக்கமே போயிருக்க முடியாது. அகமலைலதான் எங்கிட்டாச்சும் கெடப்பேன். அங்க போயி ட்ரோன விடச் சொல்லுங்க. அவர எறக்காதீங்க."

"ட்ரோன் மட்டும்தான் போகும். தெரியும்ல?"

"தெரியும்மா. நான் பண்ணுன கோளாறுக்கு அந்த மனுசன் எதுக்கு எறங்கணும்? கெடச்சா கெடைக்கிறேன், இல்லாட்டிப் போறேன். வெரசா போன எடுங்க."

அவர் போனை எடுக்கவில்லை.

"எடுங்கம்மா! எறங்கிறப் போறாரு!"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கையிருந்திருந்தால் நானே அந்தப் போனைப் பிடுங்கியிருப்பேன். கடைசியில் அவர் பேசியபோது குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"மூணு மாசம் ஆச்சு சார்."

"என்ன மூணு மாசம்?"

"இது ஐப்பசி. அவரு அன்னைக்கே எறங்குனாரு. காத்து கயித்தத் தூக்கிப் பாறைல அடிச்சிருச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு."

ஜன்னலில் மழை விழுந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது, ஆனால் எந்தப் பக்கமிருந்து பிடித்து அதை எடுப்பது என்று தெரியவில்லை.

"நான் இப்பத்தானம்மா சொன்னேன்? மொதல்ல பொய் சொன்னேன், சரி. உடனே மாத்திட்டனே?"

"அன்னைக்கு எழுப்புன பதிவு மாத்தல. குலசாமி மேல சத்தியம் பண்ணுச்சு. நான் அத நம்பி வயர்லெஸ்ல சொன்னேன்."

"அந்தப் பதிவு எங்க?"

"அதுவும் நீங்கதான். அணைச்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. திரும்ப எழுப்புனா முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் வாரத் தளர்த்தப் பாப்பீங்க. யாரு ஏழாம் பக்கம் படிக்கிறதும்பீங்க. அப்புறம் அஞ்சம்பதும்பீங்க. இது நாப்பத்தி மூணாவது தடவ."

மூடிய நோட்டை மறுபடி திறந்து, என்னை நோக்கித் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் வரிசையாகக் கோடுகள். என் குலசாமி என்னை மன்னிக்கட்டும். ஒவ்வொரு கோடும் நான்.

"மலைல இருந்தவன்?" என்று கேட்டேன். "செத்துட்டானா?"

"இல்ல. மூணாம் நாளு அகமலை எஸ்டேட்டு ஆளுக பாத்துத் தூக்கிட்டு வந்தாங்க. கால் முறிவு. தலைல அடிபட்டதுல, கிளம்புறதுக்கு மொத நாள் சாயங்காலத்துலேருந்து ஒரு ஞாபகமும் இல்ல. பேட்டரியப் பிரிச்சுப் பாத்தப்பத்தான் எட்டரைக்குக் கிளம்புனது தெரிஞ்சுச்சு. சொன்னா அவரு நம்பவே இல்ல. என்கிட்டயே வந்து கேட்டாரு, நான் பொய் சொல்ற ஆளா மேடம்னு. எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே மனு எழுதிக் குடுங்க, உங்க பதிவு கைல இருக்கு, கேட்டுப் பாப்போம்னேன். எழுதிக் குடுத்தாரு. தெனமும் அதே கேள்வியக் கேக்கச் சொல்றாரு. ஒரு தடவையாச்சும் நெசத்தச் சொல்றானா பாக்கணுமாம்."

"கேட்டுட்டு இருக்கானா இப்ப?"

"சத்தம் கேக்காது. பாக்க மட்டும்தான் முடியும்."

மேசையில் எதையோ பிடித்து நகர்த்தினார். அறை சுழன்றது. என் கண் என்பது ஒரு கேமரா என்று அப்போதுதான் உறைத்தது. பக்கச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். முழங்கால்களுக்கு நடுவே ஈரக்குடை, பக்கத்தில் ஊன்றுகோல். நெற்றியில் தையல் தழும்பு. என்னைவிடப் பத்து வயது கூடியவன் மாதிரி இருந்தான். என் சட்டையைப் போட்டிருந்தான்.

"முடிஞ்சதும் வெளிய போயி, இல்லன்னு தலையாட்டுவேன்" என்றார் மங்கையர்க்கரசியம்மா. "ஒண்ணும் பேச மாட்டாரு. கும்புட்டுட்டுப் போயிருவாரு. மறுநாளு வந்துருவாரு. நாளைக்கு உங்களைய அழிக்கச் சொல்லி உத்தரவு. இன்னைக்கோட முடிஞ்சது."

"அதான் இன்னைக்கு விதிய மீறிச் சொன்னீங்களா?"

பிளாஸ்க் மூடியைத் திருகினார், மறுபடி மூடினார்.

"அன்னைக்கும் இந்தச் சேர்லதான் சார் உக்காந்திருந்தேன். போறது என் புருசன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. விதின்னு முழுங்கிட்டேன். அதுக்கப்புறம் தெனமும் நீங்க பொய் சொல்லச் சொல்ல, ஏன் மறைக்கணும், எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சு. இந்தாளு எப்படிக் கேட்டாலும் பொய்தான் சொல்லுவாரு, நான் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னு. இன்னைக்குக் கடைசி நாளாச்சே, சொல்லித்தான் பாப்போமேன்னு..."

மீதியை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். தவமணி இறங்கியிருக்கமாட்டார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நானே அதை அவருக்கு நிரூபித்துக் காட்டியிருக்கிறேன், அதுவும் பெரிய உத்தமன்போல.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். "நீங்க விதிப்படி நடந்தீங்க. பொத்தான அமுக்குனது நான்."

"நீங்க இன்னைக்கும் பொய்யே சொல்லியிருக்கலாம் சார்" என்றார்.

எழுந்தார். முந்தானையால் துடைப்பதுபோல ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே போனார்.

கண்ணாடி வழியே பார்த்தேன். அவன் ஊன்றுகோலைத் தேடிப் பிடித்து எழுந்தான். அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எந்தக் கேள்வியும் இல்லை, பழகிப்போன காத்திருப்புதான் இருந்தது. அரசியம்மா கொஞ்ச நேரம் அவன் குடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இல்லை என்று தலையாட்டினார்.

அவன் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தான். அவர் திரும்பி உள்ளே வந்தார். மேசைக்கு அருகில் நின்றபடி, என்னை அணைக்கிற விசையில் விரலை வைத்தார்.

"கோவமா சார்?"

கோபப்படத்தான் பார்த்தேன். அங்கே பெஞ்சில் இருக்கிறவனுக்கு இது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதையும் இந்த அம்மாள் பறித்துவிட்டார். ஆனால் கோபம் வரவில்லை. தட்டு மூடியிருந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர் அவர். உண்மையை வெளியே சொன்னால் அது அவன் நெஞ்சிலிருந்து இறங்கி இவர் நெஞ்சில் ஏறிக்கொள்ளும். யார்தான் மனமறிந்து அதை ஏற்றிக்கொள்வார்கள்?

"எனக்கு என்னம்மா கோவம்?" என்றேன். "நானும் அதத்தான நாப்பத்திரெண்டு தடவ பண்ணியிருக்கேன்?"

கிண்டலாகத்தான் சொன்னேன். சத்தியமாக வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படியே நின்றுவிட்டார். விரல் விசைமேல் இருந்தது, அமுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் எழுந்து இந்தத் திசையில் கைகூப்பிவிட்டு, குடையை ஊன்றுகோல் கைக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாக வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தான். ஒரு கால் சரியாக மடங்கவில்லை.

அரசியம்மா விசையை விட்டார். கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார். அவனுக்குக் கேட்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். அவன் திரும்பினான்.

"நில்லுங்க சார்!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்துகொண்டு ஓடினார். எனக்கு நாற்பத்து மூன்று தடவை ஆனது. அந்த அம்மாளுக்கு ஒரு தடவையே போதுமாயிருந்தது.

என்னை அணைக்க மறந்துவிட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் சத்தமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பேசும்போதே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், என்னைக் கைநீட்டிக் காட்டினார், மறுபடி தன் நெஞ்சைத் தொட்டார். அவன் குடையைக் கீழே போட்டான். எடுக்கக் குனியவில்லை.

அப்புறம் அவன் நிமிர்ந்து கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தான். தினமும் காலையில் சவரம் செய்யும்போது நாற்பது வருடமாக நான் பார்த்த முகம். சந்தோஷமா, துக்கமா, என்மேல் வெறுப்பா? அந்த முகத்தில் வந்தது என்னவென்று எனக்குப் புரியவில்லை.